கண் வைப்பவள்

கண் வைக்கிற வேலை எனக்கு.
திட்டாதீர்கள், கூலிக்குத்தான்.
ஸொரெக் ஊரின் தட்டை வயல்களில்
ஜூலை பிறந்ததும் குனிகிறவள்
ஆகஸ்ட் முடிந்துதான் நிமிர்கிறேன்.

காட்டு ரோஜாவின் கழுத்தில் மண்ணை விலக்கி
ஈரத் துணியால் துடைத்து
கத்தி நுனியால் நெடுக்கே ஒரு கீறல், குறுக்கே ஒன்று.
பட்டையை நெகிழ்த்தி உள்ளே செருகுவது
பேர்பெற்ற வேறொரு ரோஜாவின்
அரிசியளவுக் கண்.
பின்னாலேயே ரப்பர் கட்டிக்கொண்டு வருவான் லோரான்ட்,
வாய் நிறையச் சூரியகாந்தி விதை,
தோற்றுப்போன கால்பந்து அணிக்கு வசவு.
அடுத்த செடி.
நாளொன்றுக்கு ஆயிரத்து இருநூறு.

பிப்ரவரியில் மறுபடி வருவோம்.
கண் பிடித்திருந்தால்
அதற்கு மேலிருக்கும் காட்டுத் தலையைச் சீவிவிடுவோம்.
வேர் உன்னுடையது,
பூ இனி வேறொருத்தியுடையது.
பத்தொன்பது வருடம். பத்து லட்சம் தலை தாண்டியிருக்கும்.
பூத்து நின்று பார்த்ததில்லை ஒன்றையும்.
சாலையோரம் பூக்கும்தான்;
பேருந்து ஜன்னலில்
எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வெளிறல்,
அவ்வளவே.

மே கடைசியில் ஒரு புகார்.
மாத்ரா மலையடிவாரத்திலிருந்து, பழுப்பு உறையில்:
‘கறுஞ்சிவப்பு, அறுபது இதழ் என்று அட்டையில் போட்டிருந்தீர்கள்.
இப்போது ஐந்து வருகிறது. எண்ணிவிட்டேன்.
மீதி ஐம்பத்தைந்துக்குப் பணம் வேண்டும்.
வெண்டெல் கோச்சிஷ், ரயில்வே சிக்னல் பிரிவு.’

முதலாளி சிரிக்கவில்லை. என்னையும் மண்வெட்டியையும்
வேனில் ஏற்றி அனுப்பினார்.

வேலியோரம் அது
ஆளுயரத்துக்கு வளைந்து கிடந்தது.
மண்டியிட்டு மண்ணைச் சுரண்டினேன்.
முந்தின வருடம் பனி மூடாத குளிர் வந்ததே,
அதில் கருகிய ஒட்டு
எரிந்த தீக்குச்சிபோல் இருந்தது.
என் கீறலின் தழும்பு. லோரான்டின் முடிச்சுத் தடம்.
அதற்கு ஒரு விரல் கீழே
யாரும் கேட்காத இடத்திலிருந்து
பச்சையாகப் புறப்பட்டிருந்தது காடு.

நிமிர்ந்தேன்.
ஐந்து.
ஒவ்வொன்றின் விளிம்பிலும் நகம் பட்டதுபோல் ஒரு பள்ளம்.
ஓரத்தில் இளஞ்சிவப்பு, உள்ளே போகப்போக
நிறத்துக்கே மறந்துபோய் வெள்ளை.
ஒளித்துவைக்க ஒரு மடிப்பில்லை.
நடுவே மஞ்சள் தூளில்
தேனீ ஒன்று புரண்டுகொண்டிருந்தது,
வெட்கமே இல்லாமல்.
புறவிதழைத் திருப்பிப் பார்த்தேன்:
இரண்டுக்குத் தாடி, இரண்டுக்கு இல்லை,
ஐந்தாவது ஒரு கன்னத்தை மட்டும் மழித்துவிட்டு
அவசரமாகக் கிளம்பியிருக்கிறது.
மணம்? ஆப்பிள் தோல் சீவும்போது
பக்கத்து அறைக்கு எட்டுமே, அவ்வளவு.

இத்தனை கண் வைத்தவளை
இமைக்காமல் பார்த்தது.

மண்வெட்டியை எடுத்தேன்.
‘தோண்டிக்கொள்கிறேன் ஐயா, புதுச் செடி அனுப்புவோம்.’
காப்பிக் குவளையோடு கோச்சிஷ்
குறுக்கே வந்து நின்றார்.
‘தோண்டவா? நான் கேட்டது பணம்.
அந்தச் சிவப்பு இருந்தவரை ஒரு பூச்சி எட்டிப் பார்த்ததில்லை.
இப்போது காலை ஆறுக்கே தேனீ வந்துவிடுகிறது,
டிராலியோடு நான் கிளம்பும்போது அதுவும் வேலையில் இருக்கிறது.
அக்டோபரில் காய் பழுத்தால் ஜாம் என்று
மச்சினி ஜாடிகூடக் கழுவிவிட்டாள்.’

‘அப்படியென்றால் புகார்?’

‘புகார் புகார்தான்.
அறுபது என்றீர்கள். ஐந்துதான் வந்தது.’

படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில்
‘குளிர்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.
ஐம்பத்தைந்து இதழுக்கான தொகையை
அவரே வகுத்து வைத்திருந்தார்,
பைசா பிசகாமல்.
விடைபெறும்போது கை பட்டு இரண்டு இதழ் உதிர்ந்தன.
அந்தப் பூவில் மிச்சம் மூன்று.
அவர் கவனிக்கவில்லை, நல்லவேளை.

ஜூலை.
முதல் வரிசை, முதல் செடி, ஈரத் துணி.
உள்ளங்கையில் அந்த முள்ளின் முனை
இன்னும் வெளியே வரவில்லை;
கத்தியைப் பிடித்தால் ஞாபகப்படுத்துகிறது.

‘எப்படி இருந்தது அது?’ என்றான் லோரான்ட்.
‘ஐந்து இதழ்.’
தொலியைத் துப்பினான்.
‘ஐந்தேதானா?’
‘ஐந்தேதான்’ என்றேன்,
குனியாமல் கொஞ்ச நேரம்.